சட்டம் கொடுக்கும் நாள்

(மட்டக்களப்பில் ஒரு நாடக மன்றத்தின் ஆண்டு நிறைவு நாளில் ஆற்றிய உரை. பேச்சை எழுத்தாக்கும்போது வேண்டிய சிறு திருத்தங்கள் மட்டும் செய்யப்பட்டுள்ளன.)



எனக்கு முன் பேசிய செயலாளர் தம்பி ஒரு நல்ல செய்தி சொன்னார். அடுத்த வருசம் இந்த மன்றம் ‘இராவணேசன்’ கூத்தை மேடையேற்றப் போகிறது. அரங்கேற்றத் திகதியும் குறித்தாயிற்று, மண்டபமும் பேசியாயிற்று, சுவரொட்டிக்குப் படம்கூட எடுத்தாயிற்றாம். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் தட்டின கையோடு எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏன் என்று சொல்லத்தான் இந்த முக்கால் மணித்தியாலத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

உங்கள் மன்றத்தில் ஆசிரியர் இருக்கிறார், மருந்துக் கடைக்காரர் இருக்கிறார், பிரதேச செயலகத்து எழுதுவினைஞர் இருக்கிறார், ஓட்டோ ஓட்டுகிற தம்பி இருக்கிறார். ஒருவருக்கும் நாடகம் தொழில் இல்லை. இப்படிப்பட்ட குழுக்களை ஆங்கிலத்தைப் பார்த்து ‘அமெச்சூர்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தச் சொல்லில் ஒரு இளக்காரமும் ஒட்டிக்கொண்டது. ‘அமெச்சூர்த்தனம்’ என்றால் அரைகுறை வேலை என்று பொருள். ஆனால் தமிழ் நாடக வரலாறு எழுதியவர்கள் வேறொரு சொல்லை வைத்திருக்கிறார்கள். வயிற்றுப்பாட்டுக்கு ஆடுகிறவர்கள் தொழில்முறைக் குழு. 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு தொடங்கிய சுகுண விலாச சபையைப் போல, வக்கீல்களும் உத்தியோகத்தர்களும் சேர்ந்து ஆடினால் அது பயில்முறைக் குழு. 

பயில்முறை. இந்தச் சொல்லை யார் முதலில் போட்டாரோ, அவர் வாயில் சீனி போட வேண்டும். காசு வாங்காதவன் என்று அது சொல்லவில்லை. பயில்கிறவன் என்று சொல்கிறது. அப்படியென்றால் பயிலாத பயில்முறைக் குழு என்று ஒன்று இருக்க முடியாது. நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் இதற்கு விளக்கம்.

நம்முடைய ஊர்க் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டாலும் ஆட்டத்தாலும் ஒரு முழுக் கதையைச் சொல்கிற இசை நாடகம் அது. பாரதமும் இராமாயணமும் வடமோடி என்ற வகையில் வரும். காதலும் மெல்லிசையும் நிறைந்த கதைகள் தென்மோடி என்ற வகையில் வரும். ஆடுகிறவன் யார்? வேளாண்மை செய்கிறவன், வாவியில் வலை வீசுகிறவன், கொல்லன், தச்சன். கூத்தைப் பழக்குகிற அண்ணாவியாருக்குக்கூட அது முழுநேரத் தொழில் இல்லை. அவருக்கும் வயல் இருக்கும். கூத்து முடிந்தால் ஊர் அவருக்கு வேட்டியும் சால்வையும் கொடுத்து, வெற்றிலையில் வைத்து ஏதோ கையில் கொடுக்கும். ஆக, நம்முடைய இசை நாடகம் பிறந்த நாளிலிருந்தே பயில்முறைக்காரர் கையில்தான் இருந்தது.

அந்தக் கை எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். இங்கே பாதிப் பேருக்கு இது தெரியும். ஆனாலும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

ஊர்ப் பெரியவர்கள் கூடி எந்தக் கூத்து என்று தெரிவார்கள். அண்ணாவியாரிடம் வெற்றிலை கொண்டு போவார்கள். நாள் பார்த்துச் சட்டம் கொடுப்பார்கள். சட்டம் என்றால் அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டும் வசனமும். ஏட்டில் இருந்து, பின்னாளில் கொப்பியில் இருந்து, ஆளாளுக்குப் பிரித்து எழுதிக் கொடுப்பார்கள். எங்கள் ஊரில் அது வைரவர் கோயில் முன்னால் நடக்கும். யாருக்கு என்ன பாத்திரம் என்பதில் சண்டையும் அங்கேதான் நடக்கும். அருச்சுனன் கேட்டவனுக்குச் சகாதேவன் கிடைத்து, அவன் தாய்மாமன் அண்ணாவியாரோடு ஆறு மாதம் பேசாமல் இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஆட்டம் பழக்குதல். ஒவ்வொரு இரவும். பகல் முழுக்க வயலில் நின்ற கால், இரவில் தாளக்கட்டுக்கு மிதிக்க வேண்டும். நாலடி, எட்டு, பொடியடி, வீசாணம் என்று ஒவ்வொன்றாக ஏறும். பாட்டும் ஆட்டமும் ஓரளவு படிந்தபிறகு சதங்கை அணி விழா. காலில் முதல் முதல் சதங்கை கட்டி ஆடுகிற நாள். அன்றைக்கு உறவினர் பலகாரத்தோடு வருவார்கள். பிறகு கிழமைக் கூத்து. கிழமைக்கு ஒரு நாள் சதங்கையோடு ஆடிப் பார்ப்பது. கடைசியில் அடுக்குப் பார்த்தல்: தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே அடுக்காக ஓட்டிப் பார்ப்பது. அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். வட்டக் களரி, நடுவில் மத்தளத்தோடு அண்ணாவியார், பக்கத்தில் சல்லரிக்காரரும் பிற்பாட்டுக்காரரும், சுற்றி ஆடுகிற கூத்தர், அதைச் சுற்றி ஊர். இரவு தொடங்கினால் விடியும்வரை. விடிந்தபிறகும் முடிவதில்லை, உடுப்போடு வீடு வீடாகப் போய் ஆடுவார்கள்.

இப்போது கணக்குப் பாருங்கள். அரங்கேற்றம் ஒரு இரவு. அதற்கு முன்னால் எங்கள் ஊரில் நாலு அல்லது ஐந்து மாத இரவுகள். ஊரார் காசு குறைவாகத்தான் போட்டார்கள். போட்டதெல்லாம் நேரம். இந்த நேரக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு என்னோடு பேராதனைக்கு வாருங்கள்.

1956ஆம் ஆண்டு. ஜூன் மாதம் சிங்களம் மட்டும் அரசகரும மொழி என்ற சட்டம் நிறைவேறியது. அதே வருசம் நவம்பர் 3ஆம் திகதி, கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் ‘மனமே’ என்ற சிங்கள நாடகம் மேடையேறியது. எழுதி நெறிப்படுத்தியவர் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர. நடித்தவர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தவர்கள், பெரும்பாலும் மாணவர்கள். சம்பளம் வாங்கிய நடிகர் ஒருவரும் இல்லை. அதற்கு முன் சரச்சந்திர மேல்நாட்டு நாடகங்களைத் தழுவிச் செய்துகொண்டிருந்தவர். யப்பான் போய் நோ, கபுகி நாடகங்களைப் பார்த்தார். பழைய வடிவம் ஒன்றை அந்த நாட்டார் எப்படிக் காப்பாற்றி ஆடுகிறார்கள் என்று கண்டார். திரும்பி வந்து, நலிந்து கிடந்த ‘நாடகம’ என்ற சிங்களப் பாட்டுக் கூத்தைத் தூக்கி எடுத்தார்.

இந்த ‘நாடகம’ எங்கிருந்து வந்தது? மேற்குக் கரையில் கத்தோலிக்கத் தமிழர் ஆடிய கூத்தில் இருந்து என்று ஆய்வாளர் சொல்கிறார்கள். அதன் மத்தளத்துக்குச் சிங்களத்தில் ‘தெமள பெரய’ என்றும் பெயர் உண்டு. தமிழ்ப் பறை என்று பொருள். மொழியால் நாடு பிளந்த அதே வருசத்தில், சிங்கள நாடகத்தின் மறுபிறப்புக்குத் தாளம் போட்டது ஒரு தமிழ் மத்தளம். இதைச் சொல்லி நான் யாரையும் உருக வைக்கப் பார்க்கவில்லை. வேறொன்றைக் காட்டத்தான் சொல்கிறேன். சரச்சந்திர தானே எல்லாம் அறிந்தவர் என்று நிற்கவில்லை. அம்பலாங்கொடைப் பக்கத்திலிருந்து சார்ள்ஸ் சில்வா குருன்னான்சே என்ற முதிய கலைஞரை அழைத்து, மாணவருக்கு அந்தப் பாட்டையும் நடையையும் பழக்கச் செய்தார். பேராசிரியர் ஒருவர், பட்டம் இல்லாத ஒரு பெரியவர் முன்னால் தன் மாணவரை நிறுத்தினார். ‘மனமே’யின் வெற்றிக்குப் பல காரணம் சொல்வார்கள். எனக்கு இது முதற் காரணம்.

இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். அதே பல்கலைக்கழகத்துத் தமிழ்த்துறை. தெல்லிப்பழைக்காரர். இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். அவர் ஊர் ஊராகப் போனார். மட்டக்களப்பிலும் மன்னாரிலும் அண்ணாவிமாரைக் கூட்டி மாநாடு வைத்தார். அவர்களை மேடையில் இருத்திப் பொன்னாடை போர்த்தினார். ‘அலங்காரரூபன் நாடகம்’ முதலிய கூத்துப் பிரதிகளைப் பதிப்பித்தார். பள்ளிக்கூடங்களுக்கிடையில் கூத்துப் போட்டி நடத்தினார். “கூத்தாடி” என்று வைது பழகிய வாய்கள், பேராசிரியர் ஒருவர் பாயில் இருந்து கூத்துப் பார்க்கிறதைக் கண்டு வாயடைத்துப் போயின.

அவருக்கு ஒரு நல்ல காலமும் வாய்த்தது. 1960 தொடங்கிக் கலைப்பீடத்தில் தாய்மொழியில் படிக்க முடிந்தது. இலவசக் கல்வியில் மேலே வந்த கிராமத்துப் பிள்ளைகள், இங்கிலீசு என்ற மதில் இல்லாமல் உள்ளே போனார்கள். அவர்களுள் சிலர் காலில் தாளத்தோடு போனவர்கள். அமிர்தகழியில் பிறந்த சி. மௌனகுரு அப்படிப் போனவர். ஊரில் பயின்ற பிள்ளையும், அதன் அருமை தெரிந்த பேராசிரியரும் ஒரே இடத்தில் சந்தித்தார்கள். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் மலைநாட்டுக் குளிரில் போய் நின்று பழக்கினார். 1962இல் ‘கர்ணன் போர்’, 1963இல் ‘நொண்டி நாடகம்’, 1964இல் ‘இராவணேசன்’, பிறகு ‘வாலிவதை’. பல்கலைக்கழக மாணவர்கள், பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஆடிய கூத்துகள் இவை.

‘இராவணேசன்’ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் ஆடப் போவது அது அல்லவா? பிரதியை எழுதியவர் மாணவரான மௌனகுரு. இராவணனாக ஆடியவரும் அவரே. ஊர்க் களரியில் இராவணன் வந்தால் நிலம் அதிரும். ஆர்ப்பரிப்பான், மீசை முறுக்குவான், கடைசியில் விழுவான். பிள்ளைகள் பயந்து தாயின் முந்தானைக்குள் ஒளிவார்கள். இந்த இராவணேசன் அப்படி இல்லை. தோல்வி வரப் போகிறது என்று தெரிந்தும், மானம் விடாமல் போருக்குப் போகிறவன். ஒரு பக்கம் மண்டோதரியின் பாசம், ஒரு பக்கம் தன் வீரத்தின் சுமை. இந்த உள்மனப் போரை ஆட்டத்தாலும் பாட்டாலும் காட்ட முடியும் என்று காட்டியதுதான் இராவணேசனின் பெருமை. வடமோடியின் வீறான ஆட்டம் போருக்கு மட்டுமல்ல, துன்பத்துக்கும் பொருந்தும் என்று அன்றைக்குத்தான் பலர் கண்டார்கள்.

இனி, எல்லோரும் சண்டை பிடிக்கிற இடத்துக்கு வருகிறேன். வித்தியானந்தன் கூத்தை மாற்றினார். விடியவிடிய ஆடியதை ஒன்று, ஒன்றரை மணித்தியாலமாகச் சுருக்கினார். வட்டக் களரியைவிட்டு, ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனார். நடுவில் நின்ற அண்ணாவியார் பக்கத்துக்குப் போனார். கரப்பைப் போல விரிந்து நிற்கிற கனத்த கரப்புடுப்பு இலேசாக்கப்பட்டது. மின் ஒளி வந்தது. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவது குறைந்தது. பாட்டின் பொருளுக்கேற்ற நடிப்பு கூடியது. கொழும்பிலும் கண்டியிலும் கதிரையில் இருந்து பார்க்கிற, கூத்தையே அறியாத மத்தியதர வர்க்கத்தாருக்கு “இதுவும் கலைதான்” என்று காட்ட வேண்டிய காலம் அது. காட்டினார். அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இதற்கு மறுப்பும் வந்தது, வந்துகொண்டும் இருக்கிறது. கூத்தைப் படித்தவர்கள் சீர்திருத்த வேண்டுமென்றால், அதுவரை ஊரில் ஆடியது சீர்கெட்டதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அரங்கச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் மட்டக்களப்புச் சீலாமுனையில், ஊரைவிட்டு வெளியே எடுக்காமல், ஊராரோடு ஊருக்குள்ளேயே இருந்து கூத்தை மீளுருவாக்கம் செய்தார்கள். கதையில் வருகிற ஆண், பெண், சாதி பற்றிய பழைய எண்ணங்களைக் கூத்தரே இருந்து பேசி மாற்றிக்கொண்டார்கள். வடமோடி பேராதனை ஏறிப் பேர் பெற்றதால், மன்னார்க் கூத்தும் முல்லைத்தீவின் கோவலன் கூத்தும் மலையகத்துக் காமன் கூத்தும் அதன் நிழலில் நின்றன என்பதும் உண்மை.

நான் இரண்டு பக்கத்தாரோடும் தேநீர் குடித்தவன். அதனால் ஒன்று சொல்லலாம். இரண்டு பக்கமும் சண்டை பிடித்தது மேடையில் என்ன செய்வது என்பதைப் பற்றி. பயிற்சியைப் பற்றி இரண்டு பக்கத்துக்கும் ஒரே எண்ணம்தான். பேராதனையில் அரங்கேற்றத்தை ஒன்றரை மணித்தியாலமாகச் சுருக்கினார்கள். ஆட்டம் பழக்குதலைச் சுருக்கவில்லை. சீலாமுனையிலும் அப்படித்தான். மேடையில் நேரத்தைச் சுருக்கலாம், பயிற்சியில் சுருக்க ஒண்ணாது. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பட்டுச் சொல்கிறேன்.

1979. எனக்கு இருபத்துநாலு வயது. கொழும்பில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. நாங்கள் பதினொரு பேர், எல்லோரும் கிழக்குப் பெடியன்கள், வெள்ளவத்தையில் அறை எடுத்து இருந்தோம். ஊர் ஞாபகத்தில் ஒரு மன்றம் தொடங்கினோம். மன்றம் தொடங்கினால் விழா வேண்டும். விழாவென்றால் கூத்து வேண்டும். பாரதத்தில் ஒரு துண்டை எடுத்து முக்கால் மணித்தியாலக் கூத்து என்று தீர்மானித்தோம். மண்டபம் பதிந்தோம். அழைப்பிதழ் அடித்தோம். இன்னும் மூன்று கிழமை இருந்தது.

அண்ணாவியாரைக் கொழும்புக்குக் கூப்பிடக் காசில்லை. எங்களுள் ஒருவன் கெட்டிக்காரன். ஊருக்குப் போய்ப் பாட்டையும் மத்தளத்தையும் கசற்றில் பதிந்துகொண்டு வந்தான். பின்னேரம் ஆறு மணிக்கு அறையில் கசற்றைப் போட்டு ஆடிப் பழகினோம். கீழ்வீட்டுக்காரர் உட்கூரையைத் தடியால் தட்டுவார். அவரும் தாளத்துக்குத்தான் தட்டுகிறார் என்று சிரித்துக்கொண்டு ஆடினோம். மூன்று கிழமையில் எல்லோருக்கும் பாட்டு வந்துவிட்டது. ஆட்டமும் வந்துவிட்டது என்று நினைத்தோம். சதங்கை? அதை அரங்கேற்றத்தன்று மத்தியானம்தான் வாடகைக்கு எடுத்தோம்.

மேடையில் மத்தளம் அடிக்க, ஊரிலிருந்து ஒரு பெரியவர் கருணைப்பட்டுச் சொந்தக் காசில் வந்தார். அங்கேதான் பிடிபட்டோம். கசற் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடும். மத்தளக்காரன் ஆடுகிறவனின் காலைப் பார்த்து அடிப்பான். ஆடுகிறவன் மத்தளத்தைக் கேட்டு மிதிப்பான். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஏற வேண்டிய ஏணி அது. எங்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை. அவர் எங்களுக்காக மெதுவாக்கினார். நாங்கள் கசற் வேகத்தில் ஓடினோம். அவர் எங்களைப் பிடிக்க வேகம் கூட்டினார். எங்கள் கால் சதங்கைப் பாரத்தில் பின்னிக்கொண்டது. எட்டுப் போடப் போன வீமன், தருமரின் மேல் விழுந்தான். தருமரின் முடி உருண்டு போய் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாவின் காலடியில் நின்றது. சபை சிரித்தது. வயிறு குலுங்கச் சிரித்தது. அது போர்க் காட்சி.

திரை விழுந்தபிறகு நான் உடுப்பைக் கழற்றாமல் பின்கதவில் போய் நின்றேன். அழுகிற வயதில்லை, ஆனாலும் கண் கலங்கியிருந்தது. மத்தளக்காரப் பெரியவர் வெற்றிலை மென்றபடி வந்தார். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் சொன்னது இதுதான்: “மனே, பாட்டு ஒங்கட வாயில இரிக்கி. ஆட்டம் ஒங்கட கண்ணில இரிக்கி. ரெண்டும் கால்ல எறங்க நாள் வேணும். சதங்கையக் கட்டினாப் போல சதங்கை பேசுமா?”

அவர் பேரைச் சொல்ல மாட்டேன். அவர் பிள்ளைகள் இந்தச் சபையில் இருக்கிறார்கள். மறுகா அவரிடமே போனோம். அடுத்த வருசம் லீவைச் சேர்த்து வைத்து, மாதத்துக்கு ஒருமுறை சனி ஞாயிறில் பஸ்ஸில் ஊருக்கு வந்து, முறைப்படி சட்டம் வாங்கினோம். முதல் மூன்று மாதம் பாட்டே இல்லை. தாளக்கட்டுக்குக் கால் மிதிக்கிறது மட்டும். வெறுத்துப் போய் நாலு பேர் நின்றுவிட்டார்கள். மீதி ஏழு பேர் நின்றோம். சதங்கை அணிந்த அன்றைக்கு என் தாய் பலகாரம் சுட்டுக்கொண்டு வந்து, களரி ஓரத்தில் நின்று ஒன்றும் பேசாமல் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை பாஸ் பண்ணியபோதுகூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்தக் கூத்தை ஒரே ஒரு தரம்தான் ஆடினோம். யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு காலம் கெட்டது. யுத்தம் வந்தது. இரவு என்பது எங்களிடமிருந்து பறிபோனது. ஆறு மணிக்குக் கதவைப் பூட்டுகிற ஊரில் விடியவிடியக் கூத்து எப்படி? பேராதனையில் கூத்தைச் சுருக்கியதற்காகப் பேராசிரியரோடு சண்டை பிடித்தோம். ஊரடங்குச் சட்டம் பல ஊர்களில் கூத்தைச் சுருக்கக்கூட இல்லை, நிறுத்திவிட்டது. அதோடு யார் போய்ச் சண்டை பிடிப்பது? ஆடுகிற வயதுப் பிள்ளைகள் ஒன்றில் இல்லை, அல்லது ஊரில் இல்லை. கூத்துக் கொப்பிகள் வீட்டோடு எரிந்தன. ஆனாலும் சில அண்ணாவிமார் தலையில் முழுக் கூத்தும் இருந்தது. ஏன் இருந்தது? இளம் வயதில் ஐந்து மாதம் இரவிரவாக ஏற்றியது, எரிக்க முடியாத இடத்தில் இருந்தது.

பயில்முறைக்காரரால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களுக்கு இன்னுமொன்று. 1969இல், மாவிட்டபுரத்தில் தாழ்த்தப்பட்டோரைக் கோயிலுக்குள் விடாத அநியாயத்தை எதிர்த்து, ‘கந்தன் கருணை’ என்ற நாடகத்தை அம்பலத்தாடிகள் என்ற குழு கூத்து வடிவில் ஆடியது. கோயில் வாசலில் கிடந்த பிரச்சினையை, கோயில் வீதியில் ஆடின கூத்தை வைத்தே பேசினார்கள். மௌனகுருவின் ‘சங்காரம்’ வடமோடி ஆட்டத்தை எடுத்து உழைக்கிறவனின் கதையைச் சொன்னது. இலாபம் பார்க்கிற கம்பனி இதைச் செய்யாது. பார்க்க வருகிறவன் கோபித்தால் அடுத்த வேளைச் சோறு போய்விடும். நாளைக்குக் காலையில் பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்துகிறவனுக்கு அந்தப் பயம் இல்லை. அந்தச் சுதந்திரம் பயில்முறைக்காரருக்கு இருக்கிறது. ஆனால் கால் தாளத்தில் நிற்காவிட்டால் அந்தச் சுதந்திரத்தால் ஒரு பயனும் இல்லை. தாளம் தப்பினால் புரட்சியையும் பார்த்துச் சபை சிரிக்கும். எனக்குத் தெரியும்.

பிள்ளைகளே, இராவணேசனை ஆடுங்கள். மௌனகுரு அவர்களே பின்னாளில் கிழக்கில் புதிய மாணவரோடு அதைப் பல தரம் மீண்டும் செய்து பார்த்தார். ஒவ்வொரு தரமும் ஏதோ ஒன்றை மாற்றினார். நீங்களும் மாற்றுங்கள். ஒன்றரை மணித்தியாலம் கூட என்றால் ஒரு மணித்தியாலமாக்குங்கள். மண்டோதரிக்குப் பாட்டுப் போதாது என்றால் எழுதிச் சேருங்கள். மேடை வேண்டாம், களரியே வேண்டும் என்றால் இந்த மைதானத்தில் வட்டம் போடுங்கள். அதற்கெல்லாம் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மண்டபத்துக்குக் கொடுத்த முற்பணம் போனால் போகட்டும். அரங்கேற்றத் திகதியைச் சுவரொட்டியில் போடாதீர்கள். கூத்துக்கு அரங்கேற்ற நாள் கடைசி நாள். அதை அண்ணாவியார் சொல்வார், கலண்டர் சொல்லாது. முதல் நாளைச் சொல்லுங்கள். சட்டம் கொடுக்கிற நாள் எது? எந்தக் கோயில் முன்னால்? யார் வெற்றிலை கொண்டு போகிறது? முன்வரிசையில் இருக்கிற மூன்று அண்ணாவிமாரில் யாரிடம்? அவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. நம்முடைய ஐந்து மாதத்துக்கு அவர்கள் காத்திருப்பார்கள், ஐந்து வருசத்துக்கு அல்ல.

எனக்கும் ஒரு கொப்பி எழுதி வையுங்கள். எழுபது வயதாகிறது, முழங்கால் இரண்டும் போய்விட்டன. எட்டுப் போட ஒண்ணாது. பிற்பாட்டுக்கு நிற்பேன். முதல் இரவிலிருந்து வருவேன். பிந்தி வந்தால் மற்றவரைப் போல என்னையும் வைய வேண்டும்.